ஊதியமும் ஆதாயமும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் சமுதாயத்தின் வரலாறாகவே அமைந்துவிடுகிறது. இன்று 'ஊதியம்' என்னும்போது உழைப்புக்குக் கிடைக்கும் கூலி அல்லது சம்பளம் என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆயின், திருக்குறளில் அச்சொல் இலாபத்தைக் குறித்து நின்றது. இட்ட முதலின்மேல் வணிகனுக்குக் கிடைத்த மிகையே அக்கால ஊதியம். பெரியாரைத் துணைக்கொள்ளுதலின் சிறப்பைக் கூறவந்த வள்ளுவர், முதல் இல்லாதவனுக்கு இலாபமும் இல்லை என்னும் வணிக உண்மையை எடுத்துக்காட்டும் இடத்திலும் இச்சொல்லையே ஆள்கின்றார். முதலுடையான் வீட்டுச் சொல்லாயிருந்த ஒன்று, காலப்போக்கில் உழைப்பாளியின் குடிசைக்கு இறங்கி வந்திருக்கிறது. சொல் கைமாறிவிட்டது; செல்வம் மட்டும் கைமாறவில்லை.

முதலின்மேல் வரும் மிகையை இன்று 'மூலதன ஆதாயம்' என வரிச் சட்டம் வழங்குகிறது. காணியை வாங்கிவைத்து விலையேறியபின் விற்பவனும், கம்பனிப் பங்குகளை வாங்கிவைத்து விற்பவனும் பெறுவது இவ்வாதாயமே. ஊதியத்தின்மீது ஒருவகை வரியும் ஆதாயத்தின்மீது வேறொருவகை வரியும் விதிக்கப்படுவது நீதியாகுமா? நீதி ஒருபுறமிருக்க, பொருளாதார நோக்கிலேனும் அது அறிவுடைமையாகுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இலக்கிய ஏட்டில் வரிக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பவர்களை நான் குறைகூறமாட்டேன். பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நம்மிற் பலர், வரியென்றால் அது கணக்காளரின் துறை என்று ஒதுங்கிக்கொள்ளவே பழகியிருக்கிறோம். அவ்வொதுக்கத்தின் விளைவு நமது படைப்புகளிலும் தெரிகிறது. ஈழத்து முற்போக்குச் சிறுகதைகளில் வட்டிக்குக் கொடுப்பவன் வருகிறான். தோட்டத்துக் கங்காணி வருகிறான். குத்தகைக்காரனை விரட்டும் காணிக்காரன் வருகிறான். இவர்களுக்கெல்லாம் முகமும் குரலும் உண்டு. ஆனால், எவரையும் அதட்டாமல், எவர் வீட்டு வாசலிலும் நின்று கடன் கேளாமல், உறங்கும்போதே செல்வம் பெருகப்பெறும் முதலீட்டாளனுக்கு நமது கதைகளில் முகமே இல்லை. அவனது வருவாய் ஓசையற்றது. ஓசையற்ற ஒன்றைப் பற்றி எழுதுவது கடினமென்பது உண்மைதான். எனினும், நாம் எழுதாத காரணத்தால் அது இல்லாமற் போய்விடவில்லை.

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, நம் நாட்டில் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேற்பட்ட முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். பின்னர் ஐந்தைந்து இலட்சங்களாக 18, 24, 30 சதவீதம். எஞ்சிய பகுதி முழுவதற்கும் 36 சதவீதம். மூவர் ஓராண்டில் தலைக்கு ஒரு கோடி ரூபா பெற்றதாகக் கொள்வோம். முதலாமவர் பகலிரவாகப் பணிபுரியும் சத்திரசிகிச்சை நிபுணர். அவர் செலுத்தவேண்டிய வரி 24 இலட்சத்து 72 ஆயிரம் ரூபா. இரண்டாமவர் காணியொன்றை விற்று ஒரு கோடி ஆதாயம் பெற்றவர். மூலதன ஆதாயத்துக்குரிய தனிவிகிதமான 15 சதவீதப்படி அவர் செலுத்துவது 15 இலட்சம். மூன்றாமவர் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்குகளை விற்று அதே தொகையை ஆதாயமாகப் பெற்றவர். 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டம் அத்தகைய ஆதாயத்துக்கு விலக்களித்துள்ளது. எனவே வருமான வரியாக அவர் செலுத்துவது எதுவுமில்லை. பங்குக் கொடுக்கல் வாங்கலின்மீது அறவிடப்படும் 0.3 சதவீதத் தீர்வை ஒன்றே அவரைத் தொடுகிறது.

மூவரும் சந்தைக்குச் சென்றால் அவர்களது ஒரு கோடி ரூபாவும் ஒரே அளவு அரிசியையே வாங்கும். பணத்தில் அது உழைப்பால் வந்ததா, விலையேற்றத்தால் வந்ததா என்ற முத்திரை இருப்பதில்லை. வரிச் சட்டம் மாத்திரமே அம்முத்திரையைத் தேடிப் பார்க்கிறது; பார்த்து, உழைப்பின் முத்திரை உள்ளதையே அதிகமாகத் தண்டிக்கிறது.

இதனைக் கூறுவதற்கு ஒருவர் இடதுசாரியாயிருக்க வேண்டியதில்லை. வருமானம் என்றால் என்ன என்ற வினாவுக்கு, ஓராண்டில் ஒருவர் நுகர்ந்தவற்றின் பெறுமதியோடு, அவ்வாண்டில் அவரது செல்வத்தில் ஏற்பட்ட கூடுதலையும் சேர்த்துவரும் தொகையே வருமானம் என விடைகூறியவர் ஹென்றி சைமன்ஸ். 1938இல் வெளிவந்த தமது நூலில் அவர் இவ்வரைவிலக்கணத்தை வகுத்தார். அவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். சுதந்திரச் சந்தையில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவர். அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தின்போது மூலதன ஆதாயத்துக்கும் ஏனைய வருமானத்துக்கும் உச்ச விகிதம் 28 சதவீதமென ஒன்றாக்கப்பட்டது. அச்சட்டத்தில் ஒப்பமிட்டவர் றொனால்ட் றீகன். பிரித்தானியாவில் 1988இல் மூலதன ஆதாய வரியின் விகிதங்களை வருமான வரியின் விகிதங்களோடு ஒன்றாக்கியவர், மார்கிறெற் தச்சரின் நிதியமைச்சரான நைஜல் லோசன். இவர்களெவரும் பாட்டாளிகளின் நண்பர்களல்லர். இருவகை வருவாய்க்கும் இருவகை விகிதங்கள் இருக்குமானால், மனிதர்கள் ஒன்றை மற்றொன்றாக வேடமிடச் செய்வதிலேயே தம் அறிவைச் செலவிடுவர் என்பதை அவர்களும் கண்டிருந்தனர். பின்வந்த ஆண்டுகளில் இரு நாடுகளிலும் இவ்வொருமை குலைக்கப்பட்டது வேறு கதை.

வேடமிடுதல் என்ற இவ்விடயத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். மாதச் சம்பளம் பெறுபவனின் வருமானம் அவன் கைக்கு வருமுன்னரே வரி கழிக்கப்பட்டு வருகிறது. அவனுக்கு வேடமிட இடமில்லை. சொந்தக் கம்பனியை உடையவனோ தனது வருவாயைச் சம்பளமாக எடுக்கலாம், பங்கிலாபமாக எடுக்கலாம், எடுக்காமலே கம்பனியில் விட்டுவைத்து, பங்கின் பெறுமதி உயர்ந்தபின் விற்று ஆதாயமாகவும் எடுக்கலாம். எந்த வாசலில் வரி குறைவோ அந்த வாசலால் அவன் வெளியேறுவான். அவ்வாசலைக் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கென்றே சட்டமறிந்தோரும் கணக்கறிந்தோரும் கூலிக்கு அமர்த்தப்படுகின்றனர். நாட்டின் கூர்மையான மூளைகள் சிலவற்றின் உழைப்பு, எதனையும் உற்பத்தி செய்யாத இவ்வேலையிற் கழிகின்றது. வரி வேற்றுமையால் விளையும் பொருளாதார நட்டங்களில் இதுவே முதன்மையானது.

இரண்டாவது நட்டம், முதலானது போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் திசைமாறுவது. நெசவாலையொன்றை நிறுவி நூறு பேருக்கு வேலை கொடுப்பவன் ஆண்டுதோறும் இலாபத்தின்மீது வரி கட்டுகிறான். அதே பணத்துக்கு நகர்ப்புறத்தில் வெறுங்காணி வாங்கி வேலியடைத்து வைப்பவன் விற்கும்வரை எதனையும் கட்டுவதில்லை. விற்றபின்னும் குறைந்த விகிதத்திலேயே கட்டுகிறான். 2002ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 2018ஆம் ஆண்டு மார்ச் வரை நம் நாட்டில் மூலதன ஆதாய வரி என்பதே இருக்கவில்லை. அப்பதினாறு ஆண்டுகள் எவையென எண்ணிப் பாருங்கள். போர் முடிவுற்றதும், நெடுஞ்சாலைகள் திறக்கப்பட்டதும், கொழும்பிலும் புறநகர்களிலும் காணிவிலை ஏறியதும் அக்காலத்திலேதான். 2011இல் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது அதற்கான செலவு வெளிநாட்டுக் கடனாக மக்கள் அனைவரின் தலையிலும் ஏறியது. சாலையின் வாயிலருகே காணி வைத்திருந்தவனுக்கோ அச்சாலை இலவசமாக வழங்கப்பட்ட செல்வமாயிற்று. காணியுடையோர் உழையாமலும் ஆபத்தை ஏற்காமலும் செல்வம் பெருகப்பெறுகின்றனர் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜோன் ஸ்ருவார்ட் மில் எடுத்துக்காட்டினார். பொதுமக்களின் பணத்தால் உருவான பெறுமதியில் ஒரு பங்கைப் பொதுமக்களுக்கே திருப்பித் தருமாறு கேட்பதைப் பறிமுதல் என்று கூறுவது சொற்களைத் தலைகீழாக்குவதாகும்.

இனி, மறுதரப்பாரின் வாதங்களை நோக்குவோம். அவற்றுட் சில வலிமையுடையன. அவற்றை மறைத்துவிட்டு வெற்றி முழங்குவது விமர்சனமாகாது.

முதலாவது வாதம், ஆதாயத்துக்கு வரி விதித்தால் முதலீடு அருகிவிடும் என்பது. செவிக்கு இது இயல்பான உண்மைபோல் ஒலிக்கிறது. ஆயின், அமெரிக்கா 2003இல் பங்கிலாபத்தின்மீதான உச்ச விகிதத்தை 15 சதவீதமாகக் குறைத்ததன் விளைவை டனி யேகன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார். அச்சலுகையின் பயனைப் பெற்ற கம்பனிகளையும், வரிச் சட்டத்தின் வேறு பிரிவுக்கு உட்பட்டமையாற் பெறாத கம்பனிகளையும் அவர் ஒப்புநோக்கினார். முதலீட்டிலோ தொழிலாளர் ஊதியத்திலோ புலப்படத்தக்க வேறுபாடு எதனையும் அவர் காணவில்லை. சலுகை பங்குடையோரின் கைக்குச் சென்றது, ஆலைக்குச் செல்லவில்லை. ஆபத்தை ஏற்பதற்கான துணிவை வரி கொன்றுவிடும் என்பதற்கும் விடை உண்டு. நட்டத்தைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் வரியானது, அரசை இலாபத்தில் மாத்திரமன்றி நட்டத்திலும் பங்காளியாக்குகிறது. ஆதலால் ஆபத்தை ஏற்கும் ஆற்றல் குறையவேண்டுமென்பதில்லை என்று டோமர், மஸ்கிறேவ் ஆகிய இருவரும் 1944இலேயே நிறுவினர். ஆகவே, நட்டத்தைக் கழிக்கும் உரிமையோடு கூடிய வரியையே நாம் வேண்டுகிறோம்.

இரண்டாவது வாதம், ஒரே இலாபத்துக்கு இருமுறை வரி என்பது. இதில் உண்மையுண்டு. கம்பனி நூறு ரூபா இலாபத்தில் 30 ரூபாவை வரியாகக் கட்டுகிறது. எஞ்சிய 70 ரூபாவைப் பங்கிலாபமாக வழங்கினால் அதிலிருந்து 15 சதவீதம், அதாவது பத்தரை ரூபா, மீண்டும் பிடிக்கப்படுகிறது. ஆக நாற்பதரை ரூபா. இது சம்பளத்தின் உச்ச விகிதத்தையும் விஞ்சுகிறது. இதனை ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. ஆயின், இவ்வாதம் பங்கிலாபத்துக்கே பொருந்தும். இலாபத்தைப் பங்கிடாமற் கம்பனியிலேயே வைத்து, பங்கு விலை ஏறவிட்டு விற்பவன் அவ்விரண்டாம் வரியைத் தவிர்த்துவிடுகிறான். காணி ஆதாயத்துக்கோ முதலாம் வரியே இருந்ததில்லை. மேலும், இருமுறை வரி என்பது செல்வருக்கு மட்டும் உரிய துன்பமன்று. தொழிலாளி தன் கூலியைக் கொண்டு கடைக்குச் செல்லும்போது அங்கே பெறுமதி சேர் வரி அவனுக்காகக் காத்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் அதன் விகிதம் 18 சதவீதம். வருமான வரி எல்லைக்குள் வராத ஆசிரியனும் கூலியாளும் இவ்வரிக்குத் தப்புவதில்லை. இதற்காக எவரும் 'இரட்டை வரி' என்று கண்ணீர் வடித்ததை நாம் கண்டதில்லை.

மூன்றாவது வாதம் பணவீக்கத்தைப் பற்றியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. அத்தகைய நாட்டில், பத்து இலட்சத்துக்கு வாங்கிய காணி இருபது இலட்சத்துக்கு விற்கப்பட்டால் அதில் எவ்வளவு உண்மையான ஆதாயம், எவ்வளவு வெறும் காகித ஆதாயம் என்று கேட்பது நியாயமே. இதற்குப் பரிகாரம் கொள்விலையைச் சுட்டெண்ணுக்கேற்ப உயர்த்திக் கணக்கிடுவதே, வரியை ஒழிப்பதன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டமும், 2017 செப்டெம்பர் 30ஆம் திகதிக்கு முன்னர் வாங்கிய சொத்துகளுக்கு அத்திகதியின் சந்தைப் பெறுமதியையே கொள்விலையாக ஏற்றது. அதுவன்றி, ஆதாயமுடையவனுக்கு வேறொரு நன்மையும் உண்டு. சம்பளக்காரன் மாதாமாதம் வரி கட்டுகிறான். சொத்துடையவனோ விற்கும் நாளிலேதான் கட்டுகிறான். அதுவரை அரசுக்குரிய பங்கும் அவன் கையிலேயே வட்டியில்லாக் கடனாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. பணவீக்கத்தால் அவனுக்கு நேரும் இழப்பைக் கணக்கிடும்போது, தாமதத்தால் வரும் இப்பயனையும் கணக்கிடுதல் வேண்டும். அதே பணவீக்கம் ஆசிரியரின் சம்பளத்தைப் பாதியாக்கியபோது அவருக்கு எந்தச் சுட்டெண்ணும் துணைக்கு வரவில்லை என்பதையும் மறத்தலாகாது.

நான்காவது வாதம், சிங்கப்பூரையும் ஹொங்கொங்கையும் பாருங்கள் என்பது. அவ்விரு இடங்களிலும் மூலதன ஆதாய வரி இல்லை. ஆயினும் அவை செழித்தன. உண்மை. ஆயின், ஹொங்கொங்கில் ஏறத்தாழ எல்லாக் காணியும் அரசினிடமிருந்து குத்தகைக்குப் பெறப்படுவதே. அதற்கான பெருந்தொகை அரசின் வருமானத்தில் முக்கியமான பங்காக இருந்துவந்துள்ளது. சிங்கப்பூரிலும் நிலத்தின் பெரும்பகுதி அரசுடைமை. காணி ஆதாயத்தை அவை வேறு வாசலால் அறவிட்டுக்கொண்டன. வரியில்லாமையை மாத்திரம் அங்கிருந்து எடுத்துக்கொண்டு, அரசின் நிலவுடைமையை விட்டுவிட்டு வருவது, கிளையை வெட்டிவந்து நட்டுவிட்டு வேரைப் பற்றிக் கவலைப்படாதிருப்பதாகும்.

இவ்விடத்தில் நம் நாட்டு வரலாற்றில் மறக்கப்பட்ட ஓர் அத்தியாயத்தை நினைவூட்டுதல் பொருந்தும். 1908இல் புடாபெஸ்ற்றில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பொருளியற் பேராசிரியராய் விளங்கிய நிக்கலஸ் கால்டோர், 1956இல் இந்தியாவின் வரியமைப்பை ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பித்தபின், 1958இல் இலங்கைக்கும் ஆலோசகராக வந்தார். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் ஆட்சியில் ஸ்ரான்லி டி சொய்சா நிதியமைச்சராக இருந்த காலம் அது. கால்டோரின் திட்டம் தனித்தனி வரிகளின் தொகுப்பன்று. ஒன்றையொன்று காவல்செய்யும் வரிகளின் அமைப்பு. வருமானம், மூலதன ஆதாயம், செல்வம், செலவு, நன்கொடை ஆகிய ஐந்தையும் ஒருவர் ஒருசேர அறிவிக்கவேண்டுமாயின், ஒன்றில் மறைத்ததை மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். ஒருவன் விற்றதாகச் சொல்லும் தொகை வாங்கியவனின் கணக்கில் வந்தே தீரும். வருமானம் குறைவென்று சொல்பவனின் செலவு அவனைப் பொய்யனாக்கும். இத்திட்டத்தோடு, வருமான வரியின் மிகையான உச்ச விகிதங்களைக் குறைத்தலையும் கால்டோர் வற்புறுத்தினார். எவரும் கட்டாத உயர்ந்த விகிதத்தைவிட எல்லாரும் கட்டும் மிதமான விகிதமே சிறந்தது என்பது அவர் கருத்து.

நடந்தது என்ன? 1950களின் பிற்பகுதியில் மூலதன ஆதாயம் வரிக்குள் கொண்டுவரப்பட்டது. செல்வ வரியும், செலவின வரியும், நன்கொடை வரியும் 1959இல் சட்டமாயின. உலகில் அத்தகைய முயற்சியில் இறங்கிய நாடுகள் இந்தியாவும் இலங்கையுமே. ஆயின், சில ஆண்டுகளுக்குள் செலவின வரி கைவிடப்பட்டது. ஏனையவையும் விலக்குகளால் துளையிடப்பட்டு ஒவ்வொன்றாக மறைந்தன. காவல்செய்யவேண்டிய ஐவருள் ஒருவரை நீக்கினால் எஞ்சிய நால்வரும் வலுவிழப்பர். பின்னர், "இவ்வரிகளால் பெரிய வருமானம் இல்லை, ஆகவே நீக்கிவிடலாம்" என்று வாதிடப்பட்டது. பானையை ஓட்டையாக்கியவனே, இதில் நீர் நிற்கவில்லை என்று குறைசொல்லும் கதை இது. 1963இல் கால்டோர் ஒரு கட்டுரை எழுதினார். குறைவிருத்தி நாடுகள் வரி விதிக்கக் கற்றுக்கொள்ளுமா என்பதே அதன் தலைப்பின் பொருள். தடையாயிருப்பது அறிவின்மையன்று, செல்வர்களின் அரசியல் வலிமையே என்பதை அவர் அனுபவத்தில் உணர்ந்திருந்தார்.

கால்டோரிடமும் குறையுண்டு. ஆட்சியாளருக்குச் சரியான திட்டமொன்றை வகுத்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று அவர் நம்பினார். அத்திட்டத்தைத் தாங்கி நிற்கவேண்டிய மக்கள் யார், அதனை அவர்களுக்கு எடுத்துரைப்போர் யார் என்ற வினாக்கள் அவர் கண்ணுக்குத் தென்படவில்லை. வரியின் சட்டம் மேலிருந்து இறங்கியது. மேலேயே இருந்தவர்கள் அதனை மீண்டும் மேலே எடுத்துக்கொண்டனர். நமது இடதுசாரி இயக்கமும் இதில் குற்றமற்றதன்று. தேசியமயமாக்கம் பற்றி ஆயிரம் கூட்டங்கள் நடத்திய நாம், ஆதாய வரி பற்றி ஒரு கூட்டமேனும் நடத்தினோமா? வரிச் சீர்திருத்தம் முதலாளித்துவத்துக்கு ஒட்டுப்போடும் வேலை என்று அதனை ஏளனம் செய்தோர் நம்மிடையே இருந்தனர். அவ்வேளையில், அந்த ஒட்டையும் பிய்த்தெறியும் வேலையை மறுதரப்பார் அமைதியாகச் செய்து முடித்தனர்.

அதன் பயனை நம் தலைமுறை கண்ணாரக் கண்டது. 2019 டிசெம்பரில் வரிகள் பெருமளவு குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமாயிற்று. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 18 சதவீதமாயிற்று. 2021இல் அரசின் வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதமளவுக்கு வீழ்ந்தது. அதே 2021இல், கொழும்புப் பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏறத்தாழ 80 சதவீதம் உயர்ந்தது. நாடு கடனில் மூழ்கிக்கொண்டிருந்த ஓராண்டில் பங்குடையோரின் செல்வம் இவ்வாறு பெருகிற்று. உச்சத்தில் விற்று வெளியேறியோர் அவ்வாதாயத்துக்காக வருமான வரி எதுவும் கட்டவேண்டியிருக்கவில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. எரிபொருள் நிலையங்களில் இரவிரவாக நின்றவர்கள் யார் என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

வரி கூட்டவேண்டிய வேளை வந்தபோது கை முதலில் எங்கே நீண்டது? பெறுமதி சேர் வரி 8இலிருந்து 12ஆகவும், 15ஆகவும், பின்னர் 18ஆகவும் ஏறியது. 2023 ஜனவரியில் மாதம் ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட சம்பளங்களில் புதிய விகிதங்கள் வெட்டத் தொடங்கின; மருத்துவரும், பல்கலைக்கழக ஆசிரியரும், வங்கி, துறைமுக ஊழியரும் வீதிக்கு வந்தனர். அவ்வாண்டு யூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. தனியார்துறைத் தொழிலாளரின் முதுமைக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதி, தன் கையிலிருந்த திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டியுடைய நீண்டகால முறிகளாக மாற்ற இணங்கவேண்டும்; இணங்காவிடில் அந்நிதியின் திறைசேரி முறி வருமானத்துக்கு 14 சதவீதமாயிருந்த வரி 30 சதவீதமாகும் என்று சட்டமியற்றப்பட்டது. அதே முறிகளை வைத்திருந்த வங்கிகளும் ஏனைய தனியாரும் அம்மாற்றத்திலிருந்து விடப்பட்டனர்.

இங்கேதான் வாதத்தின் முடிச்சு அவிழ்கிறது. முதலீட்டின் வருவாய்க்கு வரி விதிப்பது இயலாத காரியம், பொருளாதாரத்துக்குக் கேடு, நிர்வாகத்துக்குக் கடினம் என்று இத்தனை ஆண்டுகளாக நமக்குக் கூறப்பட்டது. ஆயின், அம்முதலீடு தையல் ஆலையிற் பணிபுரியும் பெண்ணுடையதாக, தோட்டத் தொழிலாளியுடையதாக இருந்தபோது, அது இயலாததுமன்று, கேடுமன்று, கடினமுமன்று. சில மாதங்களுக்குள் சட்டம் வந்துவிட்டது. ஆகவே, முதலீட்டு வருவாய்க்கு வரி விதிக்கலாமா என்பதன்று வினா. யாருடைய முதலீட்டு வருவாய்க்கு என்பதே வினா.

நாம் கோருவது மிகையானதன்று. சிறு சேமிப்பாளரையும், தான் வாழும் வீட்டை விற்பவரையும் விலக்கிவைக்கலாம். இப்போதுள்ள சட்டமே, குறித்த காலம் வாழ்ந்த வீட்டுக்கும் சிறிய ஆதாயங்களுக்கும் விலக்களிக்கிறது. உயர்ந்த வருமானமுடையோரின் ஆதாயத்தை அவர்களது ஏனைய வருமானத்தோடு கூட்டி, ஒரே விகிதப்படி வரி விதிக்கலாம். பட்டியலிட்ட பங்குகளுக்கான விலக்கை நீக்கலாம். பணவீக்கத்துக்கேற்பக் கொள்விலையைத் திருத்தலாம். நட்டத்தைக் கழிக்க விடலாம். ஆதாயத்தை வைத்திருந்தே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டால் வரியே இல்லை என்ற நிலையை மாற்ற, கைமாறும்போதும் கணக்கெடுக்கலாம். வரி வந்துவிடுமென்று அஞ்சிச் சிலர் விற்காமலே வைத்திருப்பர் என்ற குறை இதனாற் பெரிதும் நீங்கும். இதனால் வரும் பணம் நாட்டின் கடனனைத்தையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பெறுமதி சேர் வரியில் ஒரு பகுதியையேனும் குறைப்பதற்கு வழி பிறக்கும். சட்டத்தின்முன் உழைப்பும் முதலும் ஒரே நிறையில் நிறுக்கப்படும். ஒரு குடியரசுக்கு இது சிறிய பேறன்று.

ஆட்சிகள் மாறும்போது விகிதங்களும் மாறுகின்றன. 2025இல் தனிநபர்களுக்கான ஆதாய வரி 10இலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. வைப்புப் பண வட்டியில் வங்கி பிடிக்கும் வரியும் 5இலிருந்து 10 சதவீதமாயிற்று. வங்கியில் வைப்பிட்ட ஓய்வூதியர், வரி எல்லைக்குக் கீழே உள்ளவராயின், பிரகடனம் எழுதிக் கொடுத்துத் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும். பங்கு விற்றுக் கோடி பெற்றவருக்கு எப்பிரகடனமும் தேவைப்படவில்லை. இவ்வேற்றுமையைப் பொதுமக்கள் அறியாதிருக்கும்வரை, நிதியமைச்சில் எவர் அமர்ந்தாலும் கை நீளும் திசை மாறப்போவதில்லை.

அறியச்செய்வது யார் பொறுப்பு? உயர்தர வகுப்பில் பொருளியல் கற்பிப்போர் நேர்வரி, மறைமுக வரி என்ற வரைவிலக்கணங்களைக் கரும்பலகையில் எழுதுகின்றனர். தமிழ் கற்பிக்கும் நாம் குடிமக்களிடம் இறைகொள்ளும் முறைபற்றிச் சங்கப் புலவர் மன்னர்களுக்கு உரைத்த அறிவுரைகளை விளக்குகிறோம். இரண்டு வகுப்புகளுக்கும் இடையே ஒரு சுவர் நிற்கிறது. மாணவனோ தந்தையின் சம்பளச் சீட்டையும் கடைப் பற்றுச்சீட்டையும் அன்றாடம் காண்கிறான். அவ்விரண்டு தாள்களையும் அவன் வாசித்துப் பொருள் சொல்லும் நாளில் அச்சுவர் இடியும். வள்ளுவர் காலத்து 'ஊதியம்' எவ்வாறு இன்றைய ஊதியமாயிற்று என்று கற்பிக்கும் தமிழாசிரியன், இன்றைய ஆதாயம் எவ்வாறு வரியின்றித் தப்புகிறது என்பதையும் சேர்த்துக் கற்பித்தானாயின், அவன் பாடத்திட்டத்தை மீறியவனாகான், பாடத்தை நிறைவுசெய்தவனாவான்.